நீராவியை அளந்த பிறகே டர்பைன்

கேள்வி: பெருந்துறை சிப்காட்டில் பருத்திப் பின்னலாடைத் துணிக்குச் சாயமிடும் ஆலை நடத்தி வருகிறேன். மணிக்கு 6 டன் நீராவி தரும் விறகு பாய்லர், சதுர சென்டிமீட்டருக்கு 10.5 கிலோ அழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு வயது பதினான்கு. சராசரியாக மணிக்கு 5 டன் நீராவி செலவாகிறது. கழிவுநீரைச் சூடாக்கி ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு மட்டும் இரவும் பகலும் ஒன்றரை டன் போகிறது. மின்சாரத் தேவை சராசரியாக 650 கிலோவாட். யூனிட்டுக்கு ஏழரை ரூபாயும், விறகுக்குக் கிலோ 5 ரூபாயும் கொடுக்கிறோம். ஒரு நிறுவனம் 9 கோடி ரூபாயில் 1 மெகாவாட் கோஜெனரேஷன் நிலையம் அமைத்துத் தருவதாகவும், இரண்டே ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும் என்றும் சொல்கிறது. 45 கிலோ அழுத்த பாய்லரும், நடுவில் நீராவி எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டன்சரில் குளிர்விக்கும் டர்பைனும் அதில் அடங்கும். இன்னொருவர், கன மீட்டர் 60 ரூபாய் விலையில் எரிவாயு தருகிறோம், கேஸ் இன்ஜின் போடுங்கள் என்கிறார். எதை ஏற்பது? (பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒரே எரிபொருளிலிருந்து சேர்த்துப் பெறும் இணை உற்பத்தி, அதாவது கோஜெனரேஷன், உங்கள் ஆலைக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டுள்ள இரண்டு திட்டங்களும் அந்தப் பொருத்தத்திலிருந்து விலகியவை. ஒன்று உங்கள் மின்கட்டண ரசீதைப் பார்த்து அளவெடுக்கப்பட்டது, மற்றொன்று எரிவாயுவை விற்பதற்காக எழுதப்பட்டது. இணை உற்பத்தியின் அளவை ஆலையின் நீராவித் தேவையே தீர்மானிக்க வேண்டும். மின்சாரம் அதன் வழியில் கிடைக்கிற அளவுக்குக் கிடைத்தால் போதும்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இது புரிந்துவிட்டால் எந்த விலைப்புள்ளியையும் நீங்களே எடைபோட முடியும். மேட்டூர் போன்ற அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, டர்பைனை விட்டு வெளிவரும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும்போது குளிர்விப்புக் கோபுரங்கள் வழியே காற்றில் கலக்கிறது. அந்த நீராவியால் ஆக வேண்டிய வேலை மின்நிலையத்தில் எதுவும் இல்லை. உங்கள் ஆலையிலோ அதே நீராவியைக் கொண்டுதான் சாயத்தொட்டியைச் சூடாக்க வேண்டும், எவாப்பரேட்டரை ஓட்ட வேண்டும். ஆகவே நீராவியை முதலில் உயர்ந்த அழுத்தத்தில் டர்பைனுக்குள் செலுத்தி, 3 அல்லது 4 கிலோ அழுத்தத்தில் வெளியே எடுத்து அப்படியே சாயப்பகுதிக்கு அனுப்பினால், கோபுரத்தில் தொலையும் வெப்பம் உங்கள் ஆலையில் தொலைவதில்லை. இவ்வகை டர்பைனுக்கு பேக் பிரஷர் டர்பைன் என்று பெயர்.

இன்று உங்கள் ஆலையில் நீராவியின் அழுத்தத்தைக் குறைக்கும் வேலையை பிஆர்வி என்ற வால்வு செய்துகொண்டிருக்கிறது. 10.5 கிலோ அழுத்தத்தில் வரும் நீராவி அதன் வழியே நெரிந்து மூன்றரைக் கிலோவுக்கு இறங்குகிறது. வெப்பத்தின் அளவு அதில் குறைவதில்லை என்றாலும், அழுத்தத்தில் இருந்த வேலை செய்யும் ஆற்றல் வீணாகிறது. அந்த வால்வுக்கு இணையாக ஒரு சிறு டர்பைனை வைத்தால் ஒவ்வொரு டன் நீராவியிலிருந்தும் ஏறக்குறைய 20 யூனிட் மின்சாரம் எடுக்கலாம்.

இந்த மின்சாரத்தை 'இலவச மின்சாரம்' என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது சரியன்று. டர்பைன் எடுத்துக்கொண்ட ஆற்றலுக்கு ஈடாக பாய்லரில் கொஞ்சம் கூடுதல் விறகு எரிந்தாக வேண்டும். ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி. பாய்லரின் திறன் 75 சதவீதம் என்றும், ஜெனரேட்டர் முதலியவற்றின் இழப்பு 7 சதவீதம் என்றும் கொண்டால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1,230 கிலோகலோரி எரிபொருள் வேண்டும். ஓரளவு காய்ந்த விறகின் வெப்பமதிப்பைக் கிலோவுக்கு 3,200 கிலோகலோரி என்று எடுத்தால் ஏறக்குறைய 400 கிராம் விறகு, உங்கள் விலையில் 2 ரூபாய். ஏழரை ரூபாய் மின்சாரத்துக்குப் பதிலாக 2 ரூபாய் மின்சாரம் என்பதே இதன் உண்மையான கணக்கு. அதுவே போதிய லாபம். சிறு டர்பைன்களின் உட்திறன் 50 சதவீதம்தானே என்று யாரேனும் குறை சொன்னால் அஞ்ச வேண்டாம். பேக் பிரஷர் ஏற்பாட்டில் டர்பைன் பயன்படுத்தத் தவறிய ஆற்றல் நீராவியிலேயே தங்கி சாயத்தொட்டிக்குப் போய்ச் சேரும். கிடைக்கும் யூனிட் குறையுமே தவிர, ஒரு யூனிட்டுக்கான விறகுச் செலவு ஏறாது.

இப்போது 9 கோடித் திட்டத்துக்கு வருவோம். 45 கிலோ அழுத்தம், 440 டிகிரி வெப்பநிலையில் உருவாகும் 5 டன் நீராவி மூன்றரைக் கிலோவுக்கு இறங்கும்போது, இந்தச் சிறிய அளவில் 350 முதல் 400 கிலோவாட் வரைதான் கிடைக்கும். 1 மெகாவாட்டை எட்ட வேண்டுமானால் மீதி 600 கிலோவாட்டைக் கண்டன்சருக்குப் போகும் நீராவியிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு ஒரு யூனிட்டுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் நீராவி செலவாகும். விறகில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, அதாவது ஏழு ரூபாய்க்கு மேல். கண்டன்சர் பம்புகளுக்கும் குளிர்விப்புக் கோபுர விசிறிகளுக்கும் ஆகும் மின்சாரத்தையும் பராமரிப்பையும் சேர்த்தால், மின்வாரியம் உங்களிடம் வசூலிக்கும் விலையை அது தாண்டிவிடும். உங்கள் சொந்தப் பணத்தை முதலாகப் போட்டு, மின்வாரியத்தை விட விலை கூடிய மின்சாரத்தை நீங்களே தயாரிப்பதில் பொருளில்லை.

தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். கண்டன்சர் பகுதி முழுத் திறனில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர், நாளொன்றுக்குச் சுமார் 70,000 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். கோபுரத்தில் உப்பேறிய நீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடக்கூடாத உங்கள் ஆலையில் அது மறுபடி ஆர்.ஓ.வுக்கும் எவாப்பரேட்டருக்கும்தான் போக வேண்டும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்குப் பின் இந்த வட்டாரத்தில் தண்ணீரின் விலை என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செலவு விலைப்புள்ளியில் எங்கும் இருக்காது.

'இரண்டு ஆண்டுகளில் முதல் திரும்பும்' என்ற கணக்கு எப்படி வந்திருக்கும் என்பதையும் ஊகிக்கலாம். 1,000 கிலோவாட்டை ஆண்டுக்கு 8,000 மணி நேரத்தாலும் ஏழரை ரூபாயாலும் பெருக்கினால் 6 கோடி வரும். உங்கள் தேவையே 650 கிலோவாட் என்பதையும், அந்த மின்சாரத்துக்கு விறகு வாங்க வேண்டும் என்பதையும் அந்தப் பெருக்கல் மறந்துவிடுகிறது.

கேஸ் இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நல்ல இன்ஜின் எரிவாயுவின் வெப்பத்தில் 40 சதவீதத்தை மின்சாரமாக்கும். ஒரு கன மீட்டருக்கு நான்கு யூனிட். உங்கள் விலையில் யூனிட்டுக்கு 15 ரூபாய் ஆகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் ஜாக்கெட் தண்ணீரிலிருந்தும் புகையிலிருந்தும் வெப்பத்தை முழுக்க மீட்டாலும், அது மிச்சப்படுத்துவது கிலோ 5 ரூபாய் விலையுள்ள விறகைத்தான். யூனிட்டுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கழியாது. டீசலோ எரிவாயுவோ எரித்து நீராவி எடுக்கும் ஆலைக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். விறகு எரிக்கும் உங்களுக்கு இது ஒத்துவராது.

அப்படியானால் என்ன செய்வது? டர்பைன் வாங்குவதற்கு முன் நீராவிச் செலவைக் குறையுங்கள். வரிசை முக்கியம். இன்றைய வீணான செலவை அளவாகக் கொண்டு டர்பைன் வாங்கிவிட்டு, பிறகு நீராவியை மிச்சப்படுத்தினால், டர்பைன் அரைவயிற்றில் ஓடும்; சில ஆலைகளில் டர்பைனுக்குத் தீனி போடுவதற்காகவே நீராவியை வீணாக்கும் நிலைகூட வந்துவிடுகிறது. சாயத்தொட்டிகளின் சுருள்களிலிருந்து வரும் கண்டன்சேட், அதாவது நீராவி குளிர்ந்து உருவான சுடுநீர், எத்தனை சதவீதம் பாய்லருக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் வெப்பநிலை 6 டிகிரி உயர்ந்தால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும். நீராவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப்புகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 80 டிகிரிக்கு மேல் சூடாக வெளியேறும் சாயக்கழிவு நீரின் வெப்பத்தைக் கொண்டு உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்கும் ஏற்பாடு இல்லையென்றால், அதை இந்த ஆண்டே செய்யுங்கள். விறகை மழையில் நனையவிடாமல் கூரையின் கீழ் அடுக்கிக் காயவிடுவதும் இந்தக் கணக்கில் சேரும்; ஈரமான சீமைக் கருவேல விறகின் எடையில் நீங்கள் தண்ணீருக்கும் விலை கொடுக்கிறீர்கள், பிறகு அதைக் கொதிக்க வைக்கவும் விறகு செலவழிக்கிறீர்கள்.

எவாப்பரேட்டரைப் பற்றி ஒரு கேள்விக்கு நீங்கள் முதலில் விடை காண வேண்டும். இரவும் பகலும் மாறாமல் ஒன்றரை டன் நீராவி கேட்கும் இயந்திரம் இணை உற்பத்திக்குப் பெரிய துணை, ஏனெனில் சாயமிடும் இயந்திரங்களின் தேவை ஏறி இறங்கும்போதும் டர்பைன் நிற்காமல் இருக்க அதுவே அடித்தளம். ஆனால் எழும் ஆவியையே கம்ப்ரஸரால் அழுத்தி மறுபடி பயன்படுத்தும் எம்விஆர் வகைக்கு மாறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அந்த நீராவித் தேவை ஏறக்குறைய மறைந்துபோய், அதற்குப் பதில் மின்சாரத் தேவை கூடும். ஆகவே அடுத்த ஐந்து ஆண்டுகளில் எவாப்பரேட்டரை மாற்றப்போகிறீர்களா என்பதைத் தீர்மானிக்காமல் டர்பைனின் அளவைத் தீர்மானிக்க முடியாது. விலைப்புள்ளி கொடுத்தவர்கள் இதை உங்களிடம் கேட்டார்களா?

அடுத்து, அளவெடுங்கள். மணிக்கு 5 டன் என்பது, தண்ணீர் மீட்டரை வைத்துப் போட்ட சராசரி என்று நினைக்கிறேன். சராசரியை நம்பி டர்பைன் வாங்கக்கூடாது. நான்கைந்து சாஃப்ட் ஃப்ளோ சாயமிடும் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் சூடேறும்போது தேவை 6 டன்னைத் தொடும், எல்லாம் கழுவும் கட்டத்தில் இருக்கும்போது இரண்டரை டன்னுக்கு இறங்கும். பிரதானக் குழாயிலும் எவாப்பரேட்டர் கிளையிலும் நீராவி மீட்டர் பொருத்தி, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அளவு பதிவாகும்படி குறைந்தது இரண்டு மாதங்களாவது சேகரியுங்கள். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதத்தை மட்டும் எடுத்தால் கணக்கு ஏமாற்றும். அந்தப் பதிவுகளைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தினால், ஓடும் நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் எந்த அளவு நீராவி குறையாமல் இருக்கிறது என்பது தெரியும். டர்பைனை அந்த அளவுக்கே வாங்க வேண்டும். அதற்கு மேற்பட்ட நீராவி பழைய பிஆர்வி வால்வு வழியே போகட்டும்.

உங்கள் கடித விவரங்களைக் கொண்டு தோராயமாகச் சொன்னால், அந்த அளவு 3 டன்னை ஒட்டி இருக்கும். இப்போதுள்ள பாய்லரோடு சிறு டர்பைனை இணைத்தால் 60 கிலோவாட், நாளொன்றுக்கு 1,440 யூனிட். விறகையும் பராமரிப்பையும் கழித்து யூனிட்டுக்கு 5 ரூபாய் மிச்சம் என்று கொண்டால், ஆண்டுக்கு 330 நாள் ஓட்டத்தில் 23 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது சிறியதாகத் தெரியலாம், ஆனால் பாய்லரை மாற்றாமல், தண்ணீர்ச் சுத்திகரிப்பை மாற்றாமல், ஆட்களைக் கூட்டாமல் கிடைப்பது. இந்த ஏற்பாட்டில் டர்பைனை விட்டு வரும் நீராவியில் 2 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும் என்பதால், வெளியேறும் குழாயில் ஈரம் பிரிக்கும் கருவி கட்டாயம். துணியை அழுத்தித் தேய்க்கும் காலண்டர் இயந்திரத்துக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டுமென்றால் அந்தக் கிளையை டர்பைனுக்கு முன்பே பிரித்துவிடுங்கள். நீங்கள் பருத்திக்கு மட்டும் சாயமிடுவதால் மூன்றரைக் கிலோ நீராவி போதும். பின்னாளில் பாலியஸ்டருக்கு 130 டிகிரியில் சாயமிட நேர்ந்தால், அந்த நீராவியின் வெப்பநிலை 150 டிகிரிக்கும் கீழேதான் என்பதால் சூடேற நெடுநேரம் பிடிக்கும்.

இத்தனை சிறிய அளவுக்கு இன்டக்‌ஷன் ஜெனரேட்டரே எளிது. மின்வாரியத்தின் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளியிலிருந்து வாங்கும் யூனிட் குறையும்போது மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் தேவை குறைவதில்லை, இந்த ஜெனரேட்டரும் அதைக் கூட்டும். அதனால், எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டர், மீட்டரில் 0.90-க்குக் கீழே விழுந்து அபராதம் வரலாம். அதை ஈடுகட்டும் கெப்பாசிட்டர் பேனலைக் கூடவே விரிவாக்குங்கள். மாதத்தின் உச்சச் சுமையை வைத்துப் போடும் டிமாண்ட் கட்டணம் குறையும் என்று யார் சொன்னாலும் அதை லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு மாதத்தில் ஒரே ஒரு முறை டர்பைன் நின்று, அந்த நேரத்தில் முழுச் சுமையும் மின்வாரியத்தின் மேல் விழுந்தால், அந்த மாதத்தின் உச்ச அளவு பழையபடி பதிவாகிவிடும். மிச்சமாகும் யூனிட்டை மட்டும் எண்ணுங்கள். காலை, மாலை உச்ச நேரங்களில் யூனிட் கட்டணத்தோடு சேரும் 25 சதவீதக் கூடுதலும் அந்த அளவுக்குக் குறையும், அதை எண்ணலாம்.

பெரிய படி, பாய்லரை மாற்றும் நாளில் எடுக்க வேண்டியது. பதினான்கு வயதான உங்கள் பாய்லருக்கு அந்த நாள் வெகு தொலைவில் இல்லை. அப்போது 10.5 கிலோ பாய்லரையே மறுபடி வாங்குவதற்கும், 45 கிலோ பாய்லரோடு கண்டன்சர் இல்லாத பேக் பிரஷர் டர்பைனை வாங்குவதற்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தை மட்டும் முதலீடாகக் கொண்டு கணக்குப் போடுங்கள். சிக்கனத்துக்குப் பின் 4 டன் நீராவி நிலையாக ஓடுமானால் டன்னுக்கு 75 யூனிட் வீதம் 300 கிலோவாட், ஆண்டுக்கு ஒரு கோடியே 18 லட்சம் ரூபாய் அளவில் மிச்சமாகும். அந்த வித்தியாசம் நான்கு கோடிக்குள் அடங்கினால் தயங்காமல் இறங்கலாம் என்பது என் கருத்து. ஐந்தரையைத் தாண்டினால், 32 கிலோ அழுத்தத்துக்கும் விலைப்புள்ளி கேட்டு ஒப்பிடுங்கள். யூனிட் குறையும், ஆனால் பாய்லரும் குழாய்களும் மலிவாகும்.

உயர் அழுத்தத்துக்குப் போகுமுன் உங்கள் ஆட்களை நினையுங்கள். மென்னீரே போதும் என்று ஓட்டிய பழைய பாய்லரைப் போன்றதல்ல புதியது. 45 கிலோவில் கனிமம் நீக்கிய தண்ணீர் வேண்டும். தண்ணீரில் சிலிக்கா ஏறினால் அது டர்பைன் இதழ்களில் படியும். சாயப்பகுதியிலிருந்து திரும்பும் கண்டன்சேட்டில், எங்கேனும் சுருள் ஓட்டையாகி உப்பும் சாயமும் கலந்தால், பழைய பாய்லர் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும், புதியது பொறுக்காது. கண்டன்சேட் குழாயில் உப்பளவு காட்டும் மீட்டரும், அளவு மீறினால் தானாகத் திசைமாற்றும் வால்வும் இல்லாத எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள். விறகு பாய்லர் என்பதால், விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களில் ஒட்டி அரிப்பதையும் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்துக்கு மின்நிலையம் அமைப்பதை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. மின்வாரியக் கம்பியோடு இணைத்து ஓட்ட அவர்களின் ஒப்புதலும் மின் ஆய்வுத்துறையின் சான்றும், புதிய பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் பாய்லர் துறையின் சான்றும், எரிபொருள் அளவோ பாய்லரோ மாறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருத்திய இசைவும் வேண்டும். மின்வாரிய விண்ணப்பத்தை, கருவிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் (பிஇஇ) சான்று பெற்ற ஆற்றல் தணிக்கையாளர் ஒருவரை, கருவி விற்காதவராகப் பார்த்து, நீராவிப் பதிவுகளைச் சரிபார்க்க வையுங்கள். அதன் பிறகு விலைப்புள்ளி கேட்கும்போது, மொத்தம் எத்தனை கிலோவாட் என்று கேட்க வேண்டாம். நீராவி மணிக்கு 2, 3, 4 டன் ஓடும்போது ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். அந்த மூன்று எண்களும், இரண்டு மாத நீராவிப் பதிவும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்த அளவு டர்பைன் வாங்கலாம் என்பதை அப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.